உழவுக்குப் பூட்டாத ஸ்போர்ட்ஸ் கார்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இயற்பியல் படித்துக்கொண்டிருந்தபோது, பாடப் புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படிக்கிற வியாதி எனக்கு இருந்தது. மதுரைப் புதுமண்டபத்தில் தையல் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே பழைய புத்தகம் விற்கிற ஒருவரிடம் வெளிநாட்டுக் கார் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக வந்து சேரும். எந்த வீட்டிலிருந்து, எந்த வழியாக வந்தன என்று அவருக்கே தெரியாது. அட்டை கிழிந்திருந்தால் பாதி விலை. அப்படி அட்டையில்லாத ஒன்றில்தான் அந்தக் கட்டுரையைப் படித்தேன்.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் யாரும் சீண்டாத இரண்டு சீட்டுக் கார்களை இப்போது சீமையில் பணக்காரர்கள் ஏலத்தில் அடித்துக்கொண்டு வாங்குகிறார்கள். ஓட்டுவதற்கு அல்ல, வைத்திருப்பதற்கு. ஓடாத காருக்குத்தான் மரியாதை. மீட்டரில் கிலோமீட்டர் குறையக் குறைய மதிப்பு ஏறும். பெயின்ட் கம்பெனி அடித்ததாகவே இருக்க வேண்டும். வெறும் நகக் கீறல் விழுந்தாலும் போச்சு. கடைசியில் கட்டுரையாளர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஓடிப்போயிருந்தார்: இப்போது புதிதாக வருகிற ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் ஒருநாள் இந்த யோகம் அடிக்குமா?

அடிக்கும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் கணக்கு இருக்கிறது. இன்று ஆறாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு அந்தக் காரின் படத்தை நோட்டுக்கு அட்டையாகப் போடுகிறவன், ஐம்பது வயதில் கையில் காசு வந்ததும் என்ன கேட்பான்? அதே காரைத்தான் கேட்பான். அதற்குள் எல்லாரும் அதை ஓட்டி, இடித்து, எடைக்குப் போட்டிருப்பார்கள். ஒன்றே ஒன்றை எவன் பத்திரமாக வைத்திருக்கிறானோ அவன் ராஜா.

சிம்மக்கல் டீக்கடையில் இதை நான் சொன்னபோது என் கூட்டாளிகள் சிரித்த சிரிப்பில் கிளாஸ் உடைந்தது. "ஓடாத காருக்குத்தான் விலைன்னா எங்க தெரு முனையில ஒண்ணு நிக்கிதுடா, கோழி அடை காக்குது. கோழியோட சேத்தே வாங்கிக்கிறியா?" என்றான் ஒருவன்.

நம்பியவர் ஒரே ஒருவர்தான். என் தாய்மாமன். அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் விவசாயம், கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல், ஒரு ஜல்லிக்கட்டுக் காளை. விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போனபோது, காளைக்குப் பருத்திக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தவரிடம் கட்டுரை முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"வேலை செய்யக் கூடாது. அலுங்காம நிக்கணும். நல்லாத் திங்கணும். வருசத்துக்கு ஒரு தடவ நாலு பேரு பாத்து வாயப் பொளக்கணும். அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான் மாமா."

"உழவுக்குப் பூட்டாத மாடுன்னு சொல்லிட்டுப் போவியா! இதுக்கு எதுக்கு மாப்ள இங்கிலீசுப் புத்தகம்?"

அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து மாமாவிடமிருந்து ஆள் வந்தது, உடனே கப்பலூருக்கு வரச் சொல்லி. அங்கே தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. முதலாளியின் மகன் ஆசைப்பட்டுக் கப்பலில் வரவழைத்த ஸ்போர்ட்ஸ் காரை அப்படியே போட்டுவிட்டு அயல்நாடு போய்விட்டான். மேற்கூரை துணி, இரண்டே சீட்டு, உயரம் இடுப்புக்குக் கீழே, நிறம் எலுமிச்சம்பழ மஞ்சள். முதலாளி ஒருமுறை வேட்டியோடு அதில் உட்கார்ந்து, அவரை வெளியே எடுக்க நான்கு தொழிலாளிகள் தேவைப்பட்டதிலிருந்து அதை வெறுத்தார். அவருக்கு வேண்டியது கரண்ட் போனால் மெஷினை ஓட்ட ஒரு ஆயில் என்ஜின். மாமாவிடம் கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்த பிறகு ஓய்வாகக் கிடந்த ஆயில் என்ஜின் ஒன்று இருந்தது. பேச்சு முடிந்துவிட்டிருந்தது. என்னை அழைத்தது ஒப்புதலுக்கு அல்ல, இனிமேல் அந்தக் காரை எப்படித் தொடுவது என்று கேட்கத்தான்.

"ஸ்டார்ட் பண்ணவே கூடாது மாமா."

"சரி. அப்ப லாரியில ஏத்து."

வைக்கோல் லாரியில், வைக்கோலுக்கு நடுவே புதைந்து, மதுரையை ஊடுருவிக்கொண்டு ஸ்போர்ட்ஸ் கார் ஊருக்கு வந்தது. காளையை வேப்பமரத்தடிக்கு மாற்றிக் கட்டிவிட்டு அதன் கொட்டகையில் காரை விட்டார் மாமா. காளை அன்று முழுவதும் கொட்டகைப் பக்கமே திரும்பி நின்றது.

அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். ஆயில் என்ஜின் போன கோபம் ஒரு பக்கம், ஊர் பார்த்துக்கொண்டிருக்கிற கோபம் ஒரு பக்கம்.

"வீட்டுல அஞ்சு உருப்படி. இதுல ரெண்டு பேருதான் உக்கார முடியுமாக்கும்?"

"இல்ல அத்தை, இதுல யாருமே உக்காரக் கூடாது."

"அப்ப சரி. சண்ட வராது" என்று உள்ளே போய்விட்டார்.

மாமாவுக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. பழசானால்தான் மதிப்பு என்று நான் சொல்லியிருந்தேன். கார் படுபுதிதாக மின்னியது. "சீக்கிரம் பழசாக்க வழி இருக்கா மாப்ள? வெயில்ல போட்டுப் பாப்பமா?" என்றார். ஐயோ என்று கையைப் பிடித்துக்கொண்டேன். பழசாக வேண்டும், ஆனால் பழசாகத் தெரியக் கூடாது என்று விளக்கினேன்.

"வயசு ஏறணும், கிழடு தட்டக் கூடாது."

"ஆமா மாமா."

"இத உங்க அத்தைகிட்ட சொல்லிறாத. என்னென்னமோ வாங்கிக் குடுக்கச் சொல்லுவா."

சிக்கல் நடையில் ஆரம்பித்தது. கட்டிப்போட்ட காளைக்குக் கால் பிடித்துக்கொள்ளும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த பாடம். தினமும் காலையில் நடத்திக்கொண்டு போய்க் கண்மாயில் குளிப்பாட்டிக் கொண்டுவர வேண்டும். காருக்கும் அது பொருந்தும் என்று மாமா அடித்துச் சொன்னார். எனக்கும் அதில் நியாயம் தெரிந்தது. நின்ற இடத்திலேயே நின்றால் டயர் தட்டையாகிவிடும் என்று பத்திரிகையிலேயே போட்டிருந்தது. ஆனால் என்ஜினை எழுப்பக் கூடாதே. மாமா முன்பக்கக் கம்பி வலையில் கயிறு கோத்தார். மூக்கணாங்கயிறு மாதிரியே. இரண்டு பேர் இழுக்க, இரண்டு பேர் தள்ள, எலுமிச்சம்பழ நிற ஸ்போர்ட்ஸ் கார் வாய்க்கால் கரையில் காலை நடை போனது. பின்னால் காளை. காளையை முன்னால் விட்டால் அது திரும்பித் திரும்பிப் பார்த்து முறைத்தது.

ஒரு வாரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. தள்ளினாலும் மீட்டர் ஓடும் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. கண்ணாடிக்குள் எண் நகர்ந்திருந்தது. படித்த மூளை அப்போதுதான் வேலை செய்தது. சக்கரம் பின்னால் சுற்றினால் எண்ணும் பின்னால் சுற்ற வேண்டுமல்லவா? சோதித்தோம். சுற்றியது! அன்றிலிருந்து போகும்போது முன்பக்கமாக, வரும்போது பின்பக்கமாக என்று நடைமுறை வகுத்தோம். வாய்க்கால் கரை குறுகல், மாட்டு வண்டி எதிரே வந்தால் ஒதுங்க முடியாது என்பதால் திரும்பும்போது களத்துமேட்டைச் சுற்றி வர வேண்டியிருந்தது. அது கொஞ்சம் தூரம் கூடுதல். ஆகவே மாதா மாதம் மீட்டர் குறைந்துகொண்டே வந்தது.

"என்ன மாப்ள, கணக்குப்படி பாத்தா வண்டி பின்னாலயே நடந்து கப்பலூருக்கே போய்ச் சேந்துரும் போலருக்கு" என்றார் மாமா. ஊரில் எல்லோருக்கும் வயது ஏறுகிறது, தன் வண்டிக்கு மட்டும் இறங்குகிறது என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை.

ஊருக்குப் பெருமையில்லை. கார் பின்பக்கமாக வீடு திரும்புவதைப் பார்க்க டீக்கடையில் தனியாக ஒரு கூட்டம் உட்கார்ந்தது. "அண்ணே, உங்க வண்டிக்கு வீட்டுக்குத் திரும்புறதுக்கே மனசில்ல, போன பக்கத்தையே பாத்துக்கிட்டு வருது" என்று ஒருவர் சொல்ல, அது அத்தையின் காதுக்கு வந்தது. அத்தைக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. அடுத்த முறை நான் போனபோது சோறு போட்ட கையோடு தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"மருமகனே, நல்லாக் கேட்டுக்க. பொங்கல் முடிஞ்ச ரெண்டு நாளைக்குள்ள, இதப் பத்தித் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு வந்து, இதுக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு என் காதுபடச் சொல்லணும். நீ சொன்னாச் செல்லாது. இல்லேன்னா வாடிப்பட்டி பழைய இரும்புக்காரரு எடைக்கு எடுத்துக்கிட்டுப் போகட்டும். மாடு மழையில நனையிது, காரு கொட்டகையில நிக்கிது. நாளைக்கு எங்கள வெளிய கட்டிட்டு இதக் கட்டில்ல படுக்கப் போடுவாரு உங்க மாமா."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஊரே சிரித்தபோதும் என் பேச்சை நம்பிய ஒரே மனிதர். அந்தக் கார் எடைக்குப் போனால், அந்த ஊரில் அவர் இனிமேல் எதைப் பேசினாலும் யாராவது பின்னால் நடந்து காட்டுவார்கள்.

வேறு வழியில்லாமல் எதிரியிடமே போனேன். வாடிப்பட்டியில் இருந்த பழைய இரும்புக்காரர், தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"காரப் பத்தித் தெரிஞ்ச ஆளா? கொடைக்கானல் பக்கம் காபித் தோட்டக்காரரு ஒருத்தரு இருக்காரு தம்பி. நான் உடைக்கப் போட்ட வண்டியப் பூராம் வந்து வாங்கிட்டுப் போவாரு. எதையும் ஓட்ட மாட்டாரு. தொடச்சுத் தொடச்சு வைப்பாரு. பெரிய மனுசந்தான், ஆனா கொஞ்சம்..." என்று விரலை நெற்றிப்பொட்டில் வைத்துத் திருகினார். "காணும் பொங்கலுக்கு மறுநாளு மதுரைக்கு வாராரு. கூட்டிட்டு வாரேன். அவரு வேணாம்னா நான் எடுத்துக்குறேன். லாரியையும் பின்னாடியே வரச் சொல்லிர்றேன்."

சொன்னபடியே செய்தார். அன்று காலை தோட்டக்காரரின் அம்பாசடரில் நானும் அவரும், பின்னால் லாரியில் பழைய இரும்புக்காரர். தோட்டக்காரர் வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, மெல்லிய குரல். வழியெல்லாம் என் கணக்கை அவரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் தலையை ஆட்டவேயில்லை.

"தம்பி, பழைய காரெல்லாம் கையால் செய்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருக்கும். இப்ப வர்றது மெஷின்ல அடிச்சது. உள்ளே பூரா பிளாஸ்டிக். அம்பது வருஷத்துல பிளாஸ்டிக் அப்பளமா நொறுங்கிடும். எவன் வாங்குவான்?"

"எல்லாரும் இப்படி நினைச்சுத் தூக்கிப் போட்டா, மிச்சம் இருக்கிறது அபூர்வமாயிடும்ல சார்?"

"எல்லாரும் உங்களை மாதிரி நினைச்சுக் கொட்டகையில பூட்டி வச்சா?"

"அலங்காநல்லூர்ப் பக்கம் நாங்க ஒரு வீடுதான் சார்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். எனக்குத் தெம்பு வந்தது. "நீங்களே பாருங்க சார், கம்பெனி பெயின்ட். ஒரு கீறல் கிடையாது" என்றேன்.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் அந்தத் தெம்பு போய்விட்டது. முந்தாநாள் மாட்டுப் பொங்கல் என்பதை நான் மறந்திருந்தேன்.

காளைக்கு என்னென்ன செய்தார்களோ அத்தனையும் காருக்கும் செய்திருந்தார்கள். கழுத்து என்று அவர்கள் முடிவு செய்த இடத்தில் நெட்டிமாலை. முகத்தில் சந்தனம், குங்குமம். முன்பக்க மட்கார்டுகளின் மேல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த பக்கக் கண்ணாடிகள்தான் கொம்பு என்று மாமாவுக்கு ஆரம்பத்திலிருந்தே எண்ணம். அவற்றுக்கு எனாமல் பெயின்ட் அடித்திருந்தார். முகம் பார்க்கிற பகுதியையும் விடவில்லை. எந்த இரண்டு நிறம் அடித்தாலும் ஏதாவது ஒரு கட்சி நிறமாகிவிடும் என்று நான்கு நிறம் அடித்திருந்தார். தூரிகை வழிந்து மஞ்சள் மட்கார்டில் சிவப்பும் பச்சையும் கோடாக இறங்கிக் காய்ந்திருந்தன.

"மாமா!" என்றேன்.

"எப்புடி மாப்ள?" என்றார் அவர், பூரிப்போடு. "பெரிய மனுசரு வாராருன்னு உங்க அத்தைதான் மாலையக்கூடக் கட்டுனா."

அத்தை வாசலில் நின்றிருந்தார். மாலை கட்டியது உண்மை. தீர்ப்பில் மாற்றமில்லை என்பதும் அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. லாரிக்காரர் பின்பக்கத் தடுப்பை இறக்கிப் பலகை சாய்த்துவிட்டார்.

தோட்டக்காரர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பனியனோடு வைக்கோலில் மல்லாந்து காருக்கு அடியில் போய்விட்டார். டொக் டொக் என்று தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து, தலையெல்லாம் வைக்கோலோடு வெளியே வந்தார். மீட்டரைக் குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"துரு ஒரு இடத்துல கூட இல்ல. ஒயர் ஒண்ணைக்கூட எலி கடிக்கல. எப்படி?"

"மாட்டுக்குப் போடுற வேப்பெலப் புகமூட்டத்த இங்கயும் போடுறது சார். எலி அண்டாது" என்றார் மாமா.

தோட்டக்காரர் மாமாவை நோக்கி இரண்டு அடி வைத்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாமா சட்டென்று தோள் துண்டை எடுத்துத் தன் வலக்கையின் மேல் போர்த்தி, கையை நீட்டினார்.

மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற முறை அது. நாலு பேர் முன்னால் விலையை வாயால் சொல்வது மாட்டுக்கும் மரியாதையில்லை, மனிதருக்கும் மரியாதையில்லை. துண்டுக்கு அடியில் வாங்குகிறவர் விற்கிறவரின் விரலைப் பிடிப்பார். எந்த விரல், எத்தனை விரல், எப்படி அழுத்துகிறார் என்பதில் தொகை இருக்கும். உள்ளே நடப்பது இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

தோட்டக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. மாமா கையில் அழுக்கு என்று துணியைப் போர்த்திக்கொண்டு நீட்டுகிறார் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். பண்பான மனிதர். துண்டுக்குள் கையை விட்டு, ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, ஆசை தீரக் குலுக்கினார்.

மாமாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. பிறகு இறங்கியது. அவர் அப்படியே கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க?" என்று அத்தை ஓடிவந்தார். "எம்புட்டுக் கேக்குறாரு?"

மாமா அத்தையின் காதில் சொன்னார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் மாமாவை இழுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். "மாமா, அவரு சும்மா கைதான் குலுக்குனாரு. விலையே இன்னும் சொல்லல."

"துண்டுக்குள்ள நடந்தது ஒனக்கு எப்புடி மாப்ள தெரியும்?"

அதற்குள் தோட்டக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, சாந்தமாகத் தன் உண்மையான தொகையைச் சொன்னார். குறைச்சலான தொகை என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அதற்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம். எடைக்குப் போட்டால் கிடைப்பதைப் போலப் பல மடங்கு. நவீன ஸ்போர்ட்ஸ் காருக்கு மதிப்பே வராது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவர், வாயால் சொன்ன விலை. என் கணக்கு ஜெயித்துவிட்டது. குதிக்கலாம் என்று நினைத்தேன்.

மாமாவின் புருவம் நெரிந்தது.

"ஏன் சார், துண்டுக்குள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணா? படிச்சவுக, பெரிய மனுசரு. இது நல்லாவா இருக்கு?"

"நான் என்ன சொன்னேன்?" என்று தோட்டக்காரர் என்னைப் பார்த்தார்.

"அதக் கேட்டதுக்கே நான் குடுக்கிறதா இல்ல. இதுக்கா குடுப்பேன்? கேட்டீக, அது போதும். சந்தோசம்."

தோட்டக்காரர் கொஞ்சம் உயர்த்திச் சொன்னார். இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். அவர் உயர்த்தும் ஒவ்வொரு தொகையும் மாமாவுக்கு ஏமாற்றுகிறவன் மெல்ல மெல்ல ஒப்புக்கொள்வது போலவே பட்டது. கடைசியில் அவர் என் காதோடு, "தம்பி, உங்க மாமா என்ன எதிர்பார்க்கிறார்?" என்று கேட்டார். "சார், நீங்க ஏற்கெனவே கேட்டதைத்தான்" என்றேன். அவர் எனக்கும் கழன்றுவிட்டதோ என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, அத்தை கொடுத்த கரும்புக் கட்டை வாங்கிக்கொண்டு அம்பாசடரில் ஏறினார். கார் தெருமுனை திரும்பும்வரை பின் கண்ணாடி வழியாகக் கொட்டகையையே பார்த்துக்கொண்டு போனார்.

பழைய இரும்புக்காரர் இருமினார். "ஆத்தா, அப்ப எடைக்கு..."

"எடைக்கா?" அத்தை திரும்பிய வேகத்தில் அவர் ஒரு அடி பின்வாங்கினார். "எடைக்குப் போடுற பொருளாய்யா இது? பலகைய எடுங்க மொதல்ல. வாசல்ல லாரிய நிப்பாட்டிக்கிட்டு!"

டீக்கடைக் கூட்டத்தார் விலை என்ன என்று கேட்டு வரிசையாக வந்தார்கள். மாமா யாருக்கும் சொல்லவில்லை; துண்டு விலையைச் சொல்லக் கூடாதல்லவா. சொல்லாததால் அவரவர் தாங்களே ஒன்றை நினைத்துக்கொண்டு போனார்கள். மாலைக்குள் அது பக்கத்து மூன்று ஊருக்குப் பரவியிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அத்தை கை நிறைய உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். அம்மாம் பெரிய மனிதரின் கண் அப்படி வெறித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறதே, கழித்தாக வேண்டும். காரை இடமும் வலமுமாகச் சுற்றினார். பேனட்டிலிருந்து பின் சக்கரம் வரை கையை இறக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"துப்பு."

"நான் எதுக்கு அத்தை?"

"சுத்திப் போட்டாத் துப்பணும்ல. அது துப்புமா? நீதான இதக் கொண்டாந்து சேத்தவன். அதுக்குப் பதிலா நீ துப்பு."

துப்பினேன். அத்தை அதை அடுப்பில் போடப் போனார். மிளகாய் நெடி வரவேயில்லை. "பாத்தியா, எம்புட்டுக் கண்ணு!" என்று அடுப்படியிலிருந்து அவர் குரல் கேட்டது.